கூலி ஏறியிருக்கிறது, இடைவெளி ஏன் குறையவில்லை? செட்டிநாட்டை முன்வைத்து ஒரு விவாத இழை

ஆத்தங்குடிப் பேரன் (இழையைத் தொடங்கியவர்):

சென்ற வாரம் வேறோர் இழையில் ஒருவர், “இப்போதெல்லாம் கூலி வேலைக்காரர்கள்தான் வசதியாக இருக்கிறார்கள், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள்” என்று எழுதியிருந்தார். அங்கேயே இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கூலி ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் கூலி வேறு, ஆண்டு வருமானம் வேறு, சொத்து வேறு. ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பது இந்த மூன்றையும் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை நம் ஊர்களை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன்.

என் தாத்தாவும் அப்பாவும் ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்யும் பூப்போட்ட தரைக் கல், போட்டவர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றி, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அச்சை நேராகத் தூக்க வேண்டும். அதன்மேல் உலர்ந்த மணலையும் சிமெண்டையும் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, பின்புறக் கலவையை அப்பி நிரவ வேண்டும். கல் இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி விலகி வரும். அந்த மினுமினுப்பு எந்திரம் போட்டதன்று, கண்ணாடி விட்டுப்போனது. அப்பாவுக்குக் கல் கணக்கில்தான் கூலி. மூலை உடைந்த கல் கணக்கில் சேராது. மழைக்காலத்தில் கல் காயாது என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் வேலையே இருக்காது. ஆக, ஒரு நாள் கூலியை 30 ஆல் பெருக்கி மாத வருமானம் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டு அடுப்பை ஒரு மழைக்காலத்தில் வந்து பார்த்ததில்லை.

2020 இல் ஊரடங்கு வந்தபோது பட்டறை மூடப்பட்டது. பட்டறை உரிமையாளருக்கும் நட்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு நிலம் இருந்தது, காரைக்குடியில் வாடகைக்கு விட்ட கடை இருந்தது. ஆகவே அவரால் காத்திருக்க முடிந்தது. எங்களால் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க முடியவில்லை. அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. வேலை மறுபடி தொடங்கியபோது கல்லுக்கான கூலி பழையபடியே இருந்தது. நகை வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டது. ஒரே நோய், ஒரே ஊரடங்கு, ஒரே பட்டறை. ஒரு வீட்டில் அந்த ஆண்டு வருமானம் குறைந்தது. இன்னொரு வீட்டில் இருந்த சொத்தே இல்லாமல் போனது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டயக் கணக்காளர் இடைநிலைத் தேர்வில் தேறியவன். அதற்கு மேல் போக வேண்டுமானால் அப்போது மூன்றாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி எடுத்தாக வேண்டும். பெரிய நிறுவனங்கள் சென்னையில்தான் இருந்தன. அவர்கள் தந்த உதவித்தொகை சென்னை அறை வாடகைக்கே போதாது. என்னோடு படித்த ஒருவர், வீட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வந்ததால் அதை முடித்து இன்று தணிக்கையாளராக இருக்கிறார். நான் காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இருவரும் ஒரே பேரேட்டைத்தான் பார்க்கிறோம்; கையெழுத்திடும் உரிமை அவருக்கு, தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மூன்றாண்டு சம்பளமில்லாமல் இருக்க முடிந்தவருக்கே அந்த உழைப்புக்கு வழி திறந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நாட்டளவில் இதற்குக் கணக்கு உண்டு. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23 இல் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதத்தையும், மொத்தச் சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருந்தார்கள். வருமான இடைவெளியைவிடச் சொத்து இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை இந்த இரண்டு எண்களுமே காட்டுகின்றன. ஆயிரம் ரூபாய்க் கூலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் எண்ணின் ஒரு மூலையைத்தான் பார்க்கிறார்கள்.

தேவகோட்டை வளவு:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் தேவகோட்டையில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் பிறந்தவள், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செட்டிநாடு என்றாலே பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அந்த வளவுக்குள்ளேயே (பெரிய கூட்டு வீட்டுக்குள்ளேயே) எத்தனை படிகள் இருந்தன என்பதை வெளியில் யாரும் பேசுவதில்லை.

எங்கள் ஐயா (தாத்தா) பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் பணப்பெட்டியருகே உட்கார்ந்து தொழில் பழகும் உதவியாளாகப் போனவர். கிட்டங்கியில் (வட்டித்தொழில் நடக்கும் இடத்தில்) முதலாளி இருக்க மாட்டார், அவர் ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்தும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், பிறகு சமையலாள். மூன்றாண்டுக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்பிப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியும். ஒரே குலம், ஒரே கோயில், ஒரே பந்தி. ஆனால் லாபம் முதலாளி வீட்டுக்குப் போயிற்று, சம்பளம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்யாணத்தில் சீர்ச் சாமானை எல்லாரும் பார்க்கப் பரப்பும்போது அந்த வேறுபாடு ஊரறியத் தெரியும். எங்கள் அப்பத்தா தம் சீர்ச் சாமானைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

பர்மாவில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1930 இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வட்டிக்கடைகளிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நெல் விலை சரிந்ததும் விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைகளின் பெயருக்கு வந்தது. லேவாதேவி செய்கிறவருக்கு வேண்டியது பணமே தவிர நிலமன்று என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விலை சரிந்தபோது முதலில் நிலத்தை இழந்தவர் பர்மிய உழவர்தான். கடைகள் இழந்தது அதற்குப் பிறகு, 1942 இல் ஜப்பானியர் வந்தபோதும் 1948 இல் அந்நாட்டு அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியபோதும். உங்கள் வீட்டில் ஊரடங்கு செய்ததை, அந்த உழவர் வீட்டில் விலைச் சரிவு செய்தது.

ஐயா காடுமலை கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் மதுரையில் ஒரு பங்காளியின் கடைக்குப் போய் நின்றதும் உட்கார ஓர் இடம் கிடைத்தது. என் அண்ணனுக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்தது உறவுக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தால். அண்ணன் கெட்டிக்காரர்தான், ஆனால் அந்தக் கடிதம் இல்லாத கெட்டிக்காரர்கள் அந்த நிறுவன வாசலுக்கே போயிருக்க முடியாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியூ, பணத்தைப் போலவே உறவும் பழக்கமும் படிப்பும் நடையுடையும்கூட மூலதனம் என்று எழுதியதைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

இன்று எங்கள் பெரிய வீட்டில் முப்பதுக்கு மேற்பட்ட பங்குகள். கூரை ஓடு மாற்றக்கூட எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மாளிகை. உள்ளே விளக்குப் போட ஆளில்லை. சொத்து இருந்தும் வருமானம் இல்லாத நிலையும் உண்டு என்பதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக் கைத்தறி:

நாங்கள் கண்டாங்கிச் சேலை நெய்யும் வீடு. 2019 இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மிகவும் மகிழ்ந்தோம், இன்றும் அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் குறியீடு சேலைக்குப் பெயரைக் கொடுத்தது. நூலை மொத்தமாக வாங்கி, சேலையை ஆறு மாதம் அடுக்கி வைத்து, நல்ல விலை வரும்போது விற்கக்கூடியவருக்குத்தான் அந்தப் பெயர் பணமாக மாறுகிறது. எங்களுக்குச் சேலைக் கணக்கில் கூலி. பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) தீர்ந்தால் அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா நிற்கும்.

கோட்டையூர்க் கடைக்காரர்:

எல்லாருடைய வலியையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். நான் சிங்கப்பூரில் ஆறு ஆண்டு கட்டுமான வேலை பார்த்து, திரும்பி வந்து, வங்கியில் கடன் வாங்கி இந்தக் கடையை வைத்தேன். பத்தாண்டாகக் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிறேன். பெட்டியடிப் பையன்களாகப் போனவர்களிலும் பிறகு தனிக்கடை வைத்து முதலாளி ஆனவர்கள் உண்டே. எல்லாவற்றையும் பிறப்பு தீர்மானிக்கிறது என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் முயற்சியையே விட்டுவிட மாட்டார்களா? சிக்கனமும் துணிவும் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்பதற்கு நானே சாட்சி.

தேவகோட்டை வளவு:

உங்கள் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லவில்லை, ஐயா. பெட்டியடிப் பையன் முதலாளி ஆனது உண்மை. ஆனால் அதே கப்பலில் போன சமையலாள் முப்பது ஆண்டு கழித்தும் சமையலாளாகவே திரும்பினார். அவரும் விடியற்காலையில் எழுந்தவர்தான். பெட்டியடியில் உட்கார்ந்தவருக்குப் பேரேடு படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், முதல் கடை வைக்கும்போது பங்காளிகள் தவணைக்குப் பணம் கொடுத்தார்கள். சமையலாளுக்கு இரண்டும் இல்லை.

சாக்கோட்டை ஆசிரியை:

அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன். பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினால் முயற்சி குன்றும் என்ற அச்சம் எனக்கும் முதலில் இருந்தது. இப்போது இல்லை. தான் பின்தங்கியதற்குத் தன் மூளைதான் காரணம் என்று நம்பும் பிள்ளைதான் உண்மையில் முயற்சியை விடுகிறது.

இந்த மண்ணின் வரலாற்றில் ஒரு பக்கத்தை நாம் நேராகப் பார்க்க வேண்டும். 1930 இலும் 1931 இலும் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மேல் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் தடைகளை விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது என்று தொடங்கிய அந்தத் தடைகளில், பிள்ளைகள் எழுத்தறியக் கூடாது, மாடு மேய்க்கவே போக வேண்டும், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதார்களுக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பவையும் இருந்தன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். படிப்பு, நிலம், நகை, குத்தகை என்று, ஒரு குடும்பம் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடிய ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி அடைத்திருக்கிறார்கள். சொத்து எப்படி வர்க்கமாகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நம் பகுதியில் வர்க்கத்தைச் சாதியிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். நிலம் வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்ட ஒருவரின் கொள்ளுப்பேத்தி இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயதுதான் ஆகிறது அந்தத் தடைக்கு.

அதே பட்டியலில் கூலியும் குறிக்கப்பட்டிருந்தது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாளொன்றுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. இன்று எங்கள் தெருவில் கொத்தனார் கூலி ஆயிரத்தை ஒட்டியும் சித்தாள் கூலி அதில் பாதியை ஒட்டியும் நிற்கிறது. கொத்தனார் வேலைக்குத் தொழில் பழக்கம் வேண்டும், ஆகவே கூலி கூடுதல் என்பார்கள். சரி, பதினைந்து ஆண்டு கலவை குழைத்துச் செங்கல் சுமந்த பெண்ணுக்கு அந்தக் கொத்தனார் கரண்டியை யாராவது கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா? என் மாணவர்களின் தாய்மார்களில் பலர் சித்தாள்கள். ஒரே ஒரு பெண் கொத்தனாரைக்கூட நான் சந்தித்ததில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976 இலேயே சட்டம் வந்துவிட்டது. வேலையின் பெயரையே இரண்டாகப் பிரித்துவிட்டால் சட்டம் எதைப் பிடிக்கும்?

நல்லதையும் சொல்ல வேண்டும். வள்ளல் அழகப்பர் 1947 இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 இல் அது திறக்கப்பட்டது. அவர் கட்டிய கல்லூரிகளில் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று எண்ணி மாளாது. அந்த வரிசையில் நானும் ஒருத்தி. அதேபோல் 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தால், நின்றிருக்க வேண்டிய இரண்டு மாணவிகள் தொடர்ந்து படிப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஒன்று செல்வந்தர் ஒருவரின் மனத்தைப் பொறுத்து வந்தது, இன்னொன்று உரிமையாக வருகிறது. எனக்கு இரண்டாவது வழியின்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ஆத்தங்குடிப் பேரன்:

ஆச்சிக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. பங்கு பிரியாத வீட்டின் நிலையை நான் யோசித்ததில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு தூண் விலைபோனால் எங்கள் வீட்டின் ஓராண்டுச் செலவு நடக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் நடப்பது அதுதானே. இறக்கி விற்க எதுவுமே இல்லாத வீடும் அந்த வீடும் ஒன்றாகிவிடாது.

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது வட்டி. வீட்டுப் பத்திரத்தை ஈடு கொடுக்கக்கூடியவருக்கு வங்கி ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தில் கடன் தருகிறது. ஈடு கொடுக்க ஒன்றும் இல்லாத என் அப்பா வெளியில் வாங்கியது நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் மூன்று ரூபாய் என்று கேட்கும்போது சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். கந்துவட்டிக்கு எதிராக 2003 இலேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. ஆனால் நாளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டியவர் இன்று இரவு காவல் நிலையத்துக்குப் போக மாட்டார். இல்லாதவருக்குத்தான் பணத்தின் விலையே அதிகம். ஒரே மூலதனத்தில் இரண்டு பேர் ஒரே தொழிலை ஒரே நாளில் தொடங்கினால்கூட, மூன்றே ஆண்டில் இந்த வட்டி வேறுபாடு ஒருவரை நிமிர்த்தியும் மற்றவரை மடக்கியும் விடும்.

இரண்டாவது வரி. உயர்ந்த சம்பளக்காரருக்கு மேல் அடுக்கில் 30 சதவீதம் வரி. அதுவும் கைக்கு வருமுன் பிடிக்கப்படுகிறது. நிலத்தையோ பங்குகளையோ நீண்ட காலம் வைத்திருந்து விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு 2024 ஜூலை முதல் 12.5 சதவீதம். மூதாதையர் சொத்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது விதிக்கப்பட்ட மரணச் சொத்துவரி 1953 இல் வந்து 1985 இல் போய்விட்டது. செல்வ வரி 1957 இல் வந்து 2015 இல் நீக்கப்பட்டது. அவற்றில் வசூல் குறைவு, வழக்கு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வசூல் ஏன் குறைந்தது என்று பார்த்துச் சரிசெய்திருக்கலாமே. இன்று ஒரு கோடி ரூபாய் உழைத்துச் சம்பாதிக்கிறவர் வரி கட்டுகிறார். ஒரு கோடி ரூபாய்ச் சொத்தை அப்பாவிடமிருந்து பெறுகிறவர் பெறுகிற அன்று ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. இதைப் பிறப்புக்குக் கிடைக்கும் சலுகை என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இவை கையால் எழுதிய விதிகள், எழுதிய கையால் மாற்றவும் முடியும். சொத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பயிற்சிக் காலத்தில் வாழ்வதற்குப் போதுமான ஊதியம், ஈடில்லாதவருக்கும் நியாயமான வட்டியில் கடன், மழைக்காலத்தில் கல் கணக்குத் தொழிலாளிக்கு ஓர் உதவித்தொகை, சித்தாளின் கையில் ஒரு கரண்டி, இவ்வளவுதான் கேட்கிறேன்.

காரைக்குடிக் கைத்தறி:

மழைக்கால உதவித்தொகையோடு, பாவு இல்லாத நாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

கோட்டையூர்க் கடைக்காரர்:

இரண்டு நாளாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். என் கடையிலும் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பத்து ஆண்டு இருந்தாலும் கல்லாவில் உட்கார வைக்க நான் யோசித்ததில்லை. என் தங்கை மகனை வந்த ஆறாம் மாதமே உட்கார வைத்தேன். ஆச்சி சமையலாளைப் பற்றி எழுதியதைப் படித்தபோது அது உறைத்தது. ஆனாலும் உழைப்பு ஒரு பொருட்டே அல்ல என்பதுபோல் யாராவது பேசினால் அதை ஏற்க மாட்டேன்.

ஆத்தங்குடிப் பேரன்:

அண்ணன், அப்படி யாரும் பேசவில்லை, பேசினால் நானும் உங்களோடு சேர்ந்து மறுப்பேன். நேற்று இரவு அப்பாவிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் ஆறு ஆண்டு சிங்கப்பூரில் இருந்ததைக் கேட்டு, “நல்ல உழைப்பாளி” என்றார். பிறகு ஒன்று கேட்டார். நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. கடை வைக்க வங்கியில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டது யார் என்று கேட்டார்.

கோட்டையூர்க் கடைக்காரர்:

தவறாக நினைக்கவில்லை, தம்பி. என் மாமனார். அவருடைய வீட்டுப் பத்திரத்தைத்தான் வங்கியில் வைத்தோம். சிங்கப்பூரில் சேர்த்த பணம் ஏஜெண்ட் கடனுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் போய்விட்டிருந்தது. அந்தப் பத்திரம் இல்லையென்றால் நான் இன்னொரு முறை விமானம் ஏறியிருப்பேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.